பர்மா அன்ரி ஊற்றச் சொன்ன தண்ணீர்

சித்தி ஆராய்ச்சி செய்ய மெல்பேர்ன் வந்து எங்கள் கிளேட்டன் வீட்டில் தங்கியபோது எனக்கு ஏழு வயது. பர்மியர்களின் அரசியலும் அன்றாட வாழ்க்கையும் என்பது அவருடைய தலைப்பு. அம்மாவுக்கு அது பிடிபடவே இல்லை.

"எங்கட நாட்டில ஆராயிறதுக்கு ஒண்டும் இல்லாமல் போச்சே? பர்மாக்காரரைப் பிடிச்சிருக்கிறாய்."

"எங்கட நாட்டை ஆராய்ஞ்சால் அழுகைதான் வரும் அக்கா. இதெண்டால் பட்டமாவது வரும்."

பட்டமும் சுலபமாக வருவதாக இல்லை. சித்தி டண்டினொங் பக்கம் குடியிருந்த பர்மியர்களின் வீடுகளுக்குப் போய், சின்ன டேப் ரெக்கார்டரை மேசையில் வைத்துப் பேச்சுக் கொடுப்பார். எல்லோரும் மனம் நிறையப் பேசினார்கள். மீன் சூப்பைப் பற்றி, மழையைப் பற்றி, விட்டுவந்த தேநீர்க்கடைகளைப் பற்றி. அரசாங்கம் என்ற சொல் வந்ததும் இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றினார்கள். நீ எழுதுவது ஆய்வேடா, சமையல் புத்தகமா என்று பேராசிரியர் கேட்டுவிட்டாராம். அரசியல் பேச ஒருவராவது கிடைக்காவிட்டால் ஆய்வே நின்றுபோகும் நிலை.

சனிக்கிழமைகளில் அம்மாவுக்கு மருத்துவமனை வேலை என்பதால் சித்தி என்னையும் கூட்டிப்போவார். அவருடைய பையைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. பொறுப்பு என்றால் எனக்கு அப்போதே பயம். பையின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டுதான் பிஸ்கட்கூடத் தின்பேன்.

காரில் போகும்போது சித்தி எனக்குப் பாடம் எடுப்பார். பர்மியர்களிடம் ஆனாடே என்று ஒன்று உண்டு. அடுத்தவருடைய மனம் சங்கடப்படுமே என்று தன் விருப்பத்தை விழுங்கிக்கொள்வது, 'இல்லை' என்று வாயால் சொல்லாமலே இருப்பது. அதைப் பற்றி மட்டும் ஒரு முழு அத்தியாயம் எழுதி வைத்திருந்தார்.

"மூண்டாம் தரமும் தேத்தண்ணி வேணுமோ எண்டு கேட்டால் என்ன அர்த்தம்?"

"நாங்கள் வெளிக்கிட வேணும்."

"கெட்டிக்காரி."

பர்மா அன்ரி என்று நான் அழைத்தவர், உறைந்த காய்கறிகளைப் பொதி செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு மெலிந்த பெண். ஏப்ரலில் அவர்களுடைய புதுவருடம், ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றும் விழா. எங்களுடையதும் அதே வாரம்தான். விழாவுக்குப் போகும் வழியில் அவரை ஏற்றிக்கொள்ளப் போயிருந்தோம். சித்தி வழக்கம்போல ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டினார்: எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. அன்ரி சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டார். பிறகு சந்தனம்போல் மணக்கும் மரப்பட்டைக் குழம்பை என் கன்னங்களில் வட்டமாகத் தடவியபடி, யாரும் கேட்காமலே, ஊரில் இருக்கும் தன் தம்பியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

தம்பி ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். அவருடைய பெயர், தெரு, வீட்டுக்கு வந்துபோகிறவர்கள், அரிசி மூட்டைக்கு அடியில் ஒளித்து வைக்கும் காகிதங்கள் எல்லாவற்றையும் அன்ரி சொன்னார். கன்னத்தில் குழம்பு குளிர்ந்து காய்ந்துகொண்டிருந்தது. அவருடைய ஆங்கிலம் தூரத்து வானொலிபோல என் தலைக்கு மேலால் மிதந்து போனது. சித்தி மூச்சு விடவும் பயந்தவர்போல ரெக்கார்டரின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காரில் அன்ரி பேசவில்லை. சித்திக்குக் குளிர்கிறதா என்று மட்டும் மூன்று தடவை கேட்டார். டேப் இன்றைக்கே பல்கலைக்கழகத்துக்குப் போகுமா என்று ஒரு தடவை கேட்டார். ஓம், உங்கள் பெயர் எங்கும் வராது, கவலை வேண்டாம் என்றார் சித்தி. "நோ ப்ராப்ளம், நோ ப்ராப்ளம்" என்றார் அன்ரி. சித்தி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே காரோட்டினார்.

விழா நடந்தது ஒரு மண்டபத்தின் பின்முற்றத்தில். இளைஞர்கள் குழாயால் பீய்ச்சிய தண்ணீர் இலையுதிர்கால வெயிலில் புகையாக நின்றது. ஆட்கள் அதற்குள் போய் மறைந்து, சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். பெரியவர்களுக்கு அப்படி இல்லை. வெள்ளிக் கிண்ணத்தில் மணத்தண்ணீர் எடுத்து, வேலியில் ஒடித்த இலைக்கொத்தைத் தோய்த்து, தோளில் மெதுவாக ஊற்ற வேண்டும். அன்ரி ஒரு கிண்ணத்தை என் கையில் தந்தார். சித்தியைக் கதிரையில் இருத்தி, என் கையிலிருந்த பையை வாங்கித் திறந்து, முகம் துடைக்கக் கைக்குட்டை எடுத்துக் கொடுத்தார். பையைத் திறந்தபடியே கதிரையின் பக்கத்தில், சித்தியின் தோளுக்கு நேர் கீழே வைத்தார்.

"சித்திக்கு ஊற்று. நல்ல வருடம் கேட்டு ஊற்று" என்றார். என் முழங்கையைப் பிடித்துத் தூக்கியும் விட்டார். கிண்ணத்துத் தண்ணீரில் தோளில் விழுந்தது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் பைக்குள் போனது.

சித்தி எழுவதற்குள் அன்ரி பைக்குள்ளிருந்து ரெக்கார்டரை எடுத்துத் தன் பாவாடையால் துடைத்தார். கசற்றைக் கழற்றி, காய வைக்கலாம் என்று சொல்லி, நாடாவை இரண்டு விரலால் இழுக்கத் தொடங்கினார். ஒரு நுனியை என்னிடம் தந்து நடக்கச் சொன்னார். நான் நடந்தேன். பழுப்பு நாடா வெயிலில் மினுங்கிக்கொண்டு என் பின்னால் நீண்டது. பிள்ளைகள் அதற்குக் கீழே குனிந்து ஓடினார்கள். காற்று அதை வேலியில் சுற்றிவிட்டது. அன்ரி சிக்கெடுக்க எடுக்க அது இன்னும் சிக்கியது. அவ்வளவு பொறுமையாக யாரும் உதவி செய்து நான் பார்த்ததில்லை.

"உன்னை நம்பி ஒரு பையைத் தர ஏலாதோ?" என்று அம்மா ஏசினார். சித்தி ஒரு வார்த்தைகூட ஏசவில்லை. அதுதான் என்னை அதிகம் வாட்டியது. அவர் மறுபடி அந்த வீட்டுக்கு ரெக்கார்டரோடு போகவில்லை. ஆய்வேட்டை மாற்றி எழுத மேலும் ஒரு வருடம் ஆனது. பேராசிரியர் பயந்தபடியே அதில் குசினிகளும் திருவிழாக்களும் நிறைய வந்தன. சித்தியின் எதிர்காலத்தில் தண்ணீர் ஊற்றியவள் நான் என்றே வளர்ந்தேன்.

போன மாதம் என் மகளின் பகல் பராமரிப்பு நிலையத்தில், பிள்ளையின் படங்களை இணையத்தில் போட ஒப்புதல் கேட்டார்கள். கேட்ட ஆசிரியை அவ்வளவு அன்பானவள். கையெழுத்திட்டுவிட்டேன். கார் வரை வருவதற்குள் வேண்டாம் என்று தோன்றியது. தினமும் அவளுக்கு முன்னால் நின்று வானிலை பற்றிப் பேசிவிட்டு வந்தேன். இவ்வளவு சின்ன விஷயத்துக்கா, நான்தான் பெரிதுபடுத்துகிறேனா என்று மாறி மாறி யோசித்தேன். ஐந்தாம் நாள், விலாசம் பிழை என்று பொய் சொல்லிப் படிவத்தைத் திரும்ப வாங்கி, பைக்குள் வைத்து, புதியதை நிரப்பும்போது படங்களுக்கு ஒப்புதல் கேட்கும் கட்டத்தை வெறுமையாக விட்டேன். வெளியே வந்து காரில் உட்கார்ந்தபோதுதான் என் முழங்கையைத் தூக்கிவிட்ட கை நினைவுக்கு வந்தது. கிண்ணம் திறந்திருந்த பைக்கு நேராகச் சாய்ந்தது அந்தக் கையால்தான். உதவி என்று நினைத்திருந்தேன்.

இப்போது வேறு நகரில், செவன் ஹில்ஸில் இருக்கும் சித்தியை அங்கிருந்தே தொலைபேசியில் அழைத்தேன்.

"பர்மா அன்ரி அண்டைக்கு வேணுமெண்டுதான் என்னைக் கொண்டு ஊத்துவிச்சவ எண்டு உங்களுக்குத் தெரியுமோ சித்தி?"

"நாடாவை இழுக்கத் தொடங்கின உடன தெரியும்."

"அப்ப ஏன் தடுக்கேல்லை?"

"நான்தானே வாசிச்சுக் காட்டினனான், எப்ப வேணுமெண்டாலும் விலகலாம் எண்டு. அவ விலகினா."

"அவவின்ர தம்பிக்கு என்ன பேர் சித்தி?"

மறுமுனையில் அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"எந்தத் தம்பி?" என்றார் சித்தி.