வெறுங்கையோடு வாங்க என்று எழுதினேன்

மழையில் நனைந்த இரும்புக் கம்பியின் துரு வாசனை எங்கிருந்தாவது வந்தால் போதும், எனக்கு எண்பத்தைந்தாம் வருஷம் வந்துவிடும். பொம்மிடியில் பாதியில் நின்ற எங்கள் வீடு. சுவர் எழும்பிவிட்டது, தளம் இல்லை. தூண்களின் தலையில் கம்பிகள் வானத்தைப் பார்த்து நின்றன. பக்கத்தில் வாடகைக்கு இருந்த நான், கால் ஒரு இடத்தில் நிற்காமல், ஒரு நாளைக்கு நாலு தடவை போய் அவற்றைப் பார்த்துவிட்டு வருவேன்.

என் கணவர் நைஜீரியாவில் கணக்கு வாத்தியார். போய் நாலு வருஷம். முதலில் பணம் ஒழுங்காக வந்தது. பிறகு அந்த நாடே கடனில் மாட்டிக்கொண்டது. எண்ணெய் விலை, வெளிநாட்டுக் கடன் என்று அவர் எழுதுவார். எனக்குப் புரிந்தது அவர் எழுதிய சந்தைதான். சோப்பு இல்லை. பால் பவுடர் இல்லை. ரொட்டிக்காரி காலையில் ஒரு விலை சொல்வாள், சாயங்காலம் வேறு விலை. அரசாங்கம் நோட்டின் நிறத்தையே மாற்றிவிட்டதாம். பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்க பாங்க் வாசலில் மூன்று நாள் நின்றாராம். ஊர் திரும்ப நினைத்தவர்களிடம் விமானக் கம்பெனிகள் அந்த ஊர் நோட்டை வாங்க மறுத்தன. டாலர் கேட்டன. டாலருக்கு எங்கே போவது? விமான நிலையத்தில் பெட்டிமேல் தலைவைத்துக் கிடந்த குடும்பங்களைப் பற்றி ஒரு கடிதம் முழுக்க எழுதியிருந்தார்.

அவருக்கு எட்டு மாதச் சம்பளம் நின்றுபோயிருந்தது. நான் எழுதிய பதில் இது: "பாக்கியை வாங்காமல் வந்துவிடாதீர்கள். தளம் அப்படியே நிற்கிறது."

இதை மறைத்துவிட்டுச் சாட்சி சொல்ல எனக்கு வாய் வராது.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். மாதத்தின் முதல் வெள்ளி உபவாச ஜெபத்தில் ஆளுக்கொரு சீட்டில் தேவையை எழுதி, பெயர் போடாமல், பிஸ்கட் டின்னில் போடுவோம். போகும்போது ஆளுக்கொன்று எடுத்து, யாருடையது என்று தெரியாமலே ஒரு மாதம் ஜெபிப்போம். நான் எட்டு மாதமாக ஒரே வரி எழுதினேன். அந்த ஜூலையில் என் சீட்டு, அரூரிலிருந்து வந்த என் நாத்தனார் மேரி கையில் விழுந்தது. அவள் நேரே என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"அண்ணி, இது உங்க எழுத்துதானுங்களே?"

"யாருதுன்னு கேக்கக் கூடாது மேரி."

"வெளிநாட்டுச் சம்பளம் வரணும், தளம் போடணும்னு இந்த ஊருல வேற யாருங்க எழுதுவா? ஒரு மாசம் ஜெபிக்கணுமாம். எனக்கு வரலீங்க. இதுல எங்கண்ணன் பேரே இல்லீங்களே. சிமெண்டுக்கா நான் முழங்கால் போடறது?"

எனக்குக் கோபம்தான் வந்தது. "உங்கண்ணன் சொகமாத்தான் இருக்காரு" என்றேன்.

"எழுதினாருங்களா?"

எழுதவில்லை. கடைசி மூன்று கடிதங்களில் உடம்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவள் போனபின் அவற்றை எடுத்துப் பார்த்தேன். கையெழுத்து கோடு விட்டு இறங்கியிருந்தது. முழங்காலில் நின்றேன். ஜெபம் நீளமில்லை. "ஆண்டவரே, பணம் வேண்டாம். ஆளைத் தாரும்." அன்றே எழுதினேன்: "வெறுங்கையோடு வாங்க." தபால் பெட்டியில் கடிதம் விழுந்த சத்தத்துக்குப் பின் என் கையில் ஒன்றுமே இல்லை. அந்த மாதம் முழுக்க, இந்தக் கடிதம் போய்ச் சேரட்டும் என்பது மட்டும்தான் என் ஜெபம்.

அங்கே நடந்ததைப் பின்னால் அவர் சொன்னார். பாக்கியை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு மட்டும் டிக்கெட் என்று அவருடைய பள்ளியில் சொல்லிவிட்டார்கள். மஞ்சள் காமாலையோடு, என் பழைய கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கையெழுத்துப் போட மாட்டேன் என்று இருந்திருக்கிறார். சாதாரணமாகக் கடிதம் போக ஒரு மாதம் ஆகும்; என் புதுக் கடிதம் பதினோரு நாளில் போனது. கையெழுத்துக்கு அதுதான் கடைசி நாள். படித்துவிட்டு எழுந்து போய்ப் போட்டாராம்.

தபால் சில சமயம் சீக்கிரம் போகும் என்று நீங்கள் சொல்லலாம். போகும். நான் வாதம் பண்ணவில்லை. அவரோடு இருந்த சேலத்துக்காரர் ஒருவர் பொறுத்திருந்து பாக்கியையும் வாங்கி நல்லபடியாக வந்தார், மாடி கட்டினார். அதையும் சொல்ல வேண்டும். ஆனால் சேலம் டாக்டர் எங்களிடம் சொன்னது, "இன்னும் ஒரு மாசம் போயிருந்தா கல்லீரல் தாங்கியிருக்காது." நான் கேட்டதை ஆண்டவர் எனக்குத் தந்தார். அவருக்கு ஸ்தோத்திரம்.

சிமெண்ட் ஷீட் போட்டு அந்த வீட்டுக்குக் குடிபோனோம். வெயிலில் கொதிக்கும். அதற்குப் பிறகு நான் ஜெபிக்கும்போது முதலில் ஆளின் பெயரைச் சொல்கிறேன், பிறகுதான் மற்றது. உங்களுக்கும் யாராவது தூரத்தில் இருந்தால், இன்றைக்கே அவர் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கேட்கிறவர் இருக்கிறார்.

என் கணவர் வந்த நாள் பொம்மிடி ஸ்டேஷனில் மேரியும் இருந்தாள். கண்ணெல்லாம் மஞ்சளாக, ஒரு பையோடு இறங்கியவரை எங்கள் இருவருக்கும் முதலில் அடையாளம் தெரியவில்லை. சாயங்காலம் அவளை அரூர் பஸ் ஏற்றிவிடப் போனேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எம்மேல வருத்தமா மேரி?" என்றேன்.

"வருத்தந்தானுங்க அண்ணி" என்றாள். பஸ் நகர்ந்தது. "அது பாட்டுக்கு இருக்கட்டும். நீங்க போயி, உப்பில்லாம கஞ்சி வெச்சு எங்கண்ணனுக்குக் குடுங்க."