சமையலறைச் சுவரை மூன்றடி தள்ளினேன்

என் கணவர் முதலில் வீட்டைக் கட்டியது மடிக்கணினியில். அஸ்திவாரத்துக்குக் கடக்கால் தோண்ட மேஸ்திரி வருவதற்கு நாலு மாதம் முன்பே அவர் அதில் குடியேறிவிட்டார்.

அவர் பள்ளியில் கணினி ஆசிரியர். நான் கிராம சுகாதாரச் செவிலியர். புதூர்நாட்டுக்குப் பக்கத்தில் அவருடைய பங்குக்கு வந்த புளியமரத்து மேட்டில் வீடு கட்டுவதென்று முடிவானது. வரைபடத்துக்கு ஒரு இன்ஜினியரைப் பார்க்கலாம் என்றேன். "எதுக்கு? நானே போட்றேன்" என்று, இலவசமாகக் கிடைத்த வீட்டு வடிவமைப்பு மென்பொருள் ஒன்றை இறக்கிக்கொண்டார்.

அதில் சுவருக்கு ஒரு கோடு இழுத்தால் போதும். நாலு கோடு சேர்ந்து அறையானதும் அதன் பரப்பளவு நடுவில் தானாக வந்து நிற்கும். திரையின் அடியில் வீட்டின் மொத்தப் பரப்பளவு தெரியும். எங்கள் வீட்டுக்கு அது தொள்ளாயிரத்து அறுபது சதுர அடி. அந்த எண்ணைக் கேட்டவர்களுக்கும் சொன்னார், கேட்காதவர்களுக்கும் சொன்னார். ஷேர் ஜீப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்குச் சொன்னார். செங்கத்திலிருக்கும் அவருடைய அக்காவுக்கு வாரம் ஒருமுறை போனில் சொன்னார், போன வாரத்துக்கு இந்த வாரம் வீடு வளர்ந்துவிட்டதைப் போல. வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் டீயும் திரையில் ஒரு சுற்றும் உண்டு. மாமா ஒருவர் வாசலில் நின்ற கார் யாருடையது என்று கேட்டார். அது மென்பொருளோடு வந்தது. எங்களிடம் இருந்தது ஸ்கூட்டர்.

அந்தத் தொள்ளாயிரத்து அறுபதில் என் சமையலறைக்கு எண்பது. அதை ஒட்டி, ஒரே சுவருக்கு அந்தப் பக்கம், அவருடைய 'ஆபீஸ் ரூம்'. அதற்கு நூற்றிருபது. அங்கே ஆறடி மேசை, புத்தக அலமாரி, சோபா. பள்ளிக்கூட வாத்தியாருக்கு வீட்டில் என்ன ஆபீஸ் என்று கேட்டதற்கு, "நாளைக்கு ஆன்லைன்ல எதுனா பண்லாம்ல" என்றார். என் எண்பதுக்குள் கிரைண்டரை வைத்துப் பார்க்கலாமென்று மென்பொருளில் தேடினேன். கிரைண்டர் இல்லை. பியானோ இருந்தது, இரண்டு விதத்தில்.

"இன்னாங்க, சமையல் ரூமக் கொஞ்சம் பெருசு பண்ணக் கூடாதா?"

"அதுல கை வச்சா மொத்தக் கணக்கும் கெட்டுப் போய்டும்."

மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் அதே பதில். மூன்றாவது முறை திரையிலிருந்து முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

மனையைப் பார்க்கச் செங்கத்திலிருந்து மேஸ்திரி வந்தார். படத்தை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"சார், சமையல் ரூமு பத்துக்கு எட்டுன்னு போட்டுக்கீறீங்க. உள்ளளவா?"

"அதெல்லாம் சாஃப்ட்வேரே பாத்துக்கும்."

"கோடு செவுத்து நடுவுலருந்து நடுவுக்குப் போவுது சார். செவுரு ஒம்போது இஞ்சு. நாலு பக்கமும் பாதிச் செவுரு உள்ள வந்துடுமே. ஒம்போதே காலுக்கு ஏழே கால்தான் நிக்கும்."

நான் செல்போனில் பெருக்கிப் பார்த்தேன். அறுபத்தேழு. மீதிப் பதின்மூன்று சதுர அடி செங்கல்லுக்கு.

அன்று மாலை அவர் மென்பொருளைத் துருவி, சுவரை விட்டுவிட்டு உள்ளளவை மட்டும் காட்டும் வசதியைக் கண்டுபிடித்து அழுத்தினார். எல்லா அறைகளும் சரசரவென்று இறங்கின. அடியில் இருந்த எண்ணும் இறங்கியது. அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. பிறகு பழையபடி நடுக்கோட்டு அளவுக்கே மாற்றிவிட்டார்.

"அக்கா கிட்ட சொல்லியாச்சி" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கதவு நிலை பார்க்கச் செங்கம் போனார். நான் மடிக்கணினியைத் திறந்தேன். ஊர் ஊராகப் போய் டேப்லெட்டில் கர்ப்பிணிகள் விவரம் ஏற்றுகிறவள் நான், எனக்கு ஒரு சுவர் என்ன பிரமாதம்? ஆபீஸ் ரூமுக்கும் சமையலறைக்கும் நடுவிலிருந்த சுவரைப் பிடித்து இழுத்தேன். எண்பது தொண்ணூறானது, நூறானது, நூற்றுப்பத்தானது. அந்தப் பக்கம் நூற்றிருபது தொண்ணூறில் வந்து நின்றது. அடியில் இருந்த தொள்ளாயிரத்து அறுபது அசையவே இல்லை. நம்பாமல் இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன். அப்போதும் அசையவில்லை. இங்கே கூடுவது அங்கே குறைகிறது, அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகள் கணக்கு. நாலு மாதமாக எனக்குச் சொல்லப்பட்டது பொய். பொய்யென்று தெரியாமலேதான் சொல்லியிருப்பார். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

மாற்றத்தைச் சேமிக்கவா என்று மென்பொருள் கேட்டது. அந்த வீட்டைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டது அது மட்டும்தான். ஆமாம் என்று அழுத்தினேன்.

திங்கட்கிழமை அவரே அதைக் கொண்டுபோய் அச்சடித்தார். அடியில் இருந்த எண்ணைப் பார்த்துத் திருப்தியாகி மேஸ்திரியிடம் கொடுத்தார். மனையில் சுவர்களுக்கு அளவு குறித்து நூல் பிடிக்கிற அன்று மேஸ்திரி என் பக்கம் திரும்பினார்.

"நர்சம்மா, சமையல் ரூமு வளந்துகீதே?"

"சார் குடுத்த படந்தானே?"

"ஆமாமா, சார் குடுத்ததுதான்" என்று முளைக்குச்சியை அடித்தார்.

சுவர் எழும்பியபோதும் என் கணவர் கவனிக்கவில்லை. பள்ளி விட்டு வந்து வீட்டின் முகப்பைப் படமெடுத்து அக்காவுக்கு அனுப்புவதோடு அவருடைய மேற்பார்வை முடிந்தது. நானும் பெரிய கெட்டிக்காரியில்லை. குழாய்க்காரரிடம் இருந்தது பழைய படம் என்பது எனக்கு உறைக்கவில்லை. மூலையில் வரவேண்டிய பாத்திரம் கழுவும் தொட்டி சுவருக்கு நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது. இன்றுவரை அதை நான் வேண்டுமென்றே அங்கே வைத்ததாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

குடிவந்த மறுநாள் ஆறடி மேசை வண்டியில் வந்து இறங்கியது. அலமாரியும் சோபாவும் ஏற்கனவே உள்ளே இருந்ததால் மேசை வாசற்படியோடு நின்றது. நீளவாக்கில் திருப்பினார், குறுக்கே திருப்பினார், நிமிர்த்தினார். பிறகு மடிக்கணினியைத் திறந்து பார்த்தார்.

"தொண்ணூறா? இன்னா பண்ணி வச்சிக்கீற நீ?"

"மூணு வாட்டி கேட்டேன். நாலாவது வாட்டி கேக்கல."

இரண்டு நாள் பேசவில்லை. எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. ஆனால் வருத்தம் வரவில்லை. வந்துவிடுமோ என்று பார்த்தேன். மூன்றாம் நாள் அவரே ஆள் பிடித்து மேசையைத் தூக்கினார். வீட்டில் அது நிற்கக்கூடிய ஒரே இடம் சமையலறை ஜன்னலுக்குக் கீழேதான். இப்போது அங்கே உட்கார்ந்துதான் விடைத்தாள் திருத்துகிறார். மிக்ஸி போட்டால் முகம் சுளிக்கிறார்.

"ஆபீஸ் ரூமுக்குப் போறதுதானே?"

"அங்க காத்தே வர்ல."

வெங்காயக் கூடையை அவர் பக்கம் தள்ளினேன். விடைத்தாள்களை ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டு உரிக்கிறார், ரொம்ப மெதுவாக.