காது உயரத்துக்கு நீலம்

என் வீட்டுக்காரர் பெயிண்டர். வாயில்லாப் பூச்சி என்று ஊரே பரிதாபப்படும். அந்தப் பூச்சியோடு இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவளைத்தான் யாரும் கேட்பதில்லை.

எங்கள் ஊரில் பல வீடுகளில் சுவருக்கு இரண்டு நிறம். கீழே அடர்த்தியாக ஒன்று, மேலே வெளிறிய ஒன்று. ஒரு வீட்டில் இடுப்புவரை, இன்னொன்றில் தோள்வரை. வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வந்த நான் இதை ஏதோ நாகரிகம் என்று நினைத்துக்கொண்டேன். எல்லா வீட்டுக்கும் ஒரே அளவாகப் பூசினால் என்ன என்று கேட்டதற்கு, "அவங்கவங்க ரசனை" என்றார். எங்கள் ஹாலில் என் காது உயரத்துக்கு நீலம். "உனக்காகத்தான் பூசினேன்" என்று கல்யாணமான அன்று சொன்னார். நான் உருகிப்போனேன்.

போன மாதம் மகளும் மாப்பிள்ளையும் ஆற்றங்கரைத் தெருவில் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்து, அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் அட்வான்ஸ் கொடுப்பதாக ஏற்பாடு. அதற்குமுன் அப்பா ஒரு எட்டு பார்க்கட்டும் என்று எங்களையும் கூட்டிப் போனார்கள்.

உள்ளே நுழைந்ததும் மகள் குதித்தாள். "அம்மா, இந்த மெரூன் கலர் எவ்வளவு உயரம் போகுது பாரு! அரண்மனை மாதிரி இல்ல?"

"ஊர்லயே உயரமான பார்டர் இதுதாம்மா" என்றார் புரோக்கர், தானே பூசியதுபோல.

என் வீட்டுக்காரர் பேயறைந்தவர்போல நின்றார். முகமெல்லாம் வியர்வை. ஐயோ, இந்த மனுஷனுக்கு நெஞ்சுவலியா என்று பதறி அருகே ஓடினேன். அவரோ சட்டைப்பையிலிருந்து பட்டி பூசும் தகட்டை எடுத்தார். இரண்டு நிறமும் சேரும் இடத்தில் எக்கி நின்று சுரண்ட ஆரம்பித்தார்.

"அண்ணே! என்ன பண்றீங்க? ஓனர் என்னைத் தொலைச்சிடுவாரு!" புரோக்கர் அலறினார்.

பெயிண்ட் உதிர்ந்தது. அடியில், சேற்று நிறத்தில் ஒரு கோடு.

"இது நான் பூசினது" என்றார்.

"நல்லாத்தானே மாமா பூசியிருக்கீங்க?" என்றார் மாப்பிள்ளை, பாவம்.

"பெரிய வெள்ளம் வந்த வருஷம் தண்ணி நின்ன கோடு மாப்பிள்ளை இது. அதை மறைக்கத்தான் இந்தக் கலர். கோடு எவ்வளவு உயரமோ, பார்டர் அவ்வளவு உயரம். அம்பது வீட்டுக்கு மேல பூசியிருக்கேன்."

"அதான் ஆத்துக்குக் கரை கட்டிட்டாங்களே?" என்றார் புரோக்கர்.

"போன மழைக்குக் கரை விளிம்புல தண்ணி நின்னப்போ, செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு முதல் ஆளா ஓடினது யாரு?"

புரோக்கர் கூரையைப் பார்த்தார். மகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஏம்பா இத்தனை நாளா சொல்லல?"

"மறைக்கத்தாம்மா என்னைக் கூப்பிட்டாங்க. இனிமே எவனும் கூப்பிட மாட்டான். போகட்டும். நீ இங்க படுத்துத் தூங்கினா எனக்குத் தூக்கம் வராதும்மா."

அவள் அழுதுகொண்டே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீடு வந்து சேரும்வரை தாங்கவில்லை.

ஹாலுக்குள் கால் வைத்தேன். நீலம்.

"ஏங்க, நம்ம வீட்டுல?"

தரையை அளப்பதுபோல் பார்த்தார். "நம்ம கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான் அந்த வெள்ளம்."

"எனக்காகப் பூசினேன்னு சொன்னீங்களே!"

"தெரிஞ்சா பொண்ணு குடுத்திருப்பாங்களா?"

அன்றைக்கே பத்திரம், ஆல்பம், அரிசி டிரம் எல்லாம் பரண் ஏறின. தையல் மெஷினை அவர் தலையிலேயே ஏற்றினேன். மூச்சு வாங்கியபடி கேட்டார்: "ஆனா உனக்கு நீலம் பிடிக்கும்தானே?"

எனக்குப் பிடித்தது பச்சை. ஆசையாகப் பூசியிருக்கிறாரே என்று இருபத்தெட்டு வருஷமாக வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன்.