ஐஸில் உறைந்த மருந்து

என் மகள் தேவியின் வயிறு வீங்கியபோது லைட்ஹவுஸ் குப்பத்தில் எல்லோரும் பூச்சி என்றார்கள். பூச்சி மருந்து கொடுத்தோம். வயிறு வற்றவில்லை. மூக்கில் ரத்தம் வந்தது, இடுப்பு வலிக்கிறது என்று அழுதாள்.

சென்னையில் மருத்துவர் அழுத்திப் பார்த்துவிட்டு, மண்ணீரல் (பழைய ரத்த அணுக்களை வடிகட்டும் உறுப்பு) தொப்புள்வரை வளர்ந்திருக்கிறது என்றார். ஒருவகைக் கொழுப்பை உடைக்கும் நொதி (உடம்பின் வேலைகளை நடத்தும் புரதம்) அவளுக்குப் பிறவியிலேயே போதவில்லை. உடையாத கொழுப்பு எலும்பிலும் சேர்ந்திருந்தது. அந்த நொதியை வெளியில் செய்து ஏற்றலாம் என்று மருத்துவர் விளக்கினார்.

"கம்பளிப்பூச்சிக்கு நோய் குடுக்கிற வைரஸ் ஒண்ணு இருக்கு. அதுல மனுஷ மரபணுவ (நொதி செய்யும் குறிப்பு) வச்சு, தொட்டியில வளர்ற பூச்சி செல்லுங்களுக்குள்ள விடுவாங்க. அந்த செல்லுங்க நம்ம நொதியச் செஞ்சு தரும். வைரஸ் மனுஷங்களுக்குத் தொத்தாதும்மா. இன்னும் ஆய்வுல இருக்கிற மருந்துதான்."

"பூச்சிக்கு மருந்து குடுத்தோம். இப்ப பூச்சி மருந்து குடுக்குதா?" என்றார் என் வீட்டுக்காரர். மருத்துவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பொன்னேரி ஆஸ்பத்திரியில் மருந்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். வயிறு இளகத் தொடங்கியது. அடுத்த சில மாதங்களுக்கான குப்பிகளைச் சென்னையிலிருந்து என் வீட்டுக்காரரே கொண்டுவந்தார். "குளிர்ச்சியா வச்சுக்கங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கரையில் குளிர்ச்சி என்றால் ஒன்றுதான். ஐஸை உடைத்து, உப்புத் தூவி, இறாலைப் புதைப்பதுபோல் குப்பிகளைப் புதைத்திருந்தார்.

பொன்னேரி நர்ஸ் எடுத்துப் பார்த்தபோது எல்லாமே கல்லாக இருந்தன.

"உறைஞ்சா மருந்து கெட்டுடும். ஏத்த முடியாது."

"ஐஸ் பத்தலைன்னாதான கெட்டுப்பூடும்? உருகினப்புறம் ஏத்தலாமில்ல?" என்றார் வீட்டுக்காரர்.

நர்ஸ் பெட்டியை மூடினார். வீட்டுக்காரரை வாய் வலிக்கத் திட்டினேன். சரியாகச் சொல்லி அனுப்பாதவர்களை யார் திட்டுவது?

இதே மருந்துக்குக் காத்திருப்பவர்களே, ஐஸ் நேராகக் குப்பியில் படக்கூடாது. நடுவில் கெட்டியாகத் துணி வையுங்கள். தெரியாவிட்டால் கூச்சப்படாமல் கேளுங்கள்.

அடுத்த தொகுதி விளைந்து வர மாதங்கள் ஆயின. அதற்குள் ஒரு பக்க இடுப்பு மூட்டில் தொடையெலும்பின் தலை ரத்தம் போகாமல் செத்துவிட்டது; அந்தக் கால் குட்டையாகிவிட்டது.

இப்போது மருந்து ஏறுகிறது. வயிறு வற்றிவிட்டது.

"எலும்புக்குள்ள போவாதாம்மா?" என்று தேவி கேட்டாள்.

"உயிரா இருக்கிற எலும்புக்குப் போவும்" என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

அவள் வளர்கிறாள். மற்ற பிள்ளைகளுக்குப் பாவாடையின் மடிப்பைச் சுற்றிலும் பிரித்துவிடுவார்கள். நான் ஒரு பக்கம் மட்டும் பிரிக்கிறேன்.