ஐப்பசி யாருடைய மழை

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் வள்ளியின் நெஞ்சு விசிலடிக்கும். விடிகாலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் 'பெரட்டு'க்கு ஆள் கூப்பிடும் சங்கு ஊதுவதற்கு முன்பே எங்கள் லயத்து வரிசை வீடுகளை எழுப்பிவிடுவது அந்தச் சத்தம்தான். பெரியப்பாவின் ஒரே மகள் அவள். என்னைவிடச் சில மாதம்தான் மூத்தவள், அந்தச் சில மாதத்துக்காகவே "அக்கான்னு கூப்பிடுடி" என்று அதட்டுவாள், அதுவும் மூச்சு வாங்கிக்கொண்டே அதட்டுவாள், எனக்குச் சிரிப்பும் வரும், பயமும் வரும்.

கேமரன் மலைக்கு எந்த மாதம் வந்தால் குளிர் நன்றாக இருக்கும் என்று இன்றைக்கும் கீழேயிருந்து என்னைக் கேட்கிறார்கள். குளிர் நன்றாக இருப்பதாவது! எழுபதுகளில், ரிங்லெட்டுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் இருந்த எங்களுக்குக் குளிர் என்பது அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் போட்டும் காயாத கம்பளிச் சட்டை; காலையில் கொழுந்து எடுக்கப் போன அம்மாவின் விரல்கள் மத்தியானம் வரை மடங்காமல் நிற்பது. காலத்தைச் சொல்ல எங்களிடம் தமிழ் மாதங்கள்தாம் இருந்தன. ஐப்பசி பிறந்தால் மழை கொட்டும், பாதை சரியும், வள்ளி படுத்துவிடுவாள். 'ஐப்பசி அடைமழை' என்று பெரியவர்கள் சொல்லும்போது, ஏதோ இந்த மலைக்காகவே யாரோ உட்கார்ந்து அந்த மாதத்தைச் செய்துவைத்தது மாதிரி இருக்கும்.

ஒரு வருஷம் இழுப்பு மிகவும் முற்றிப்போய், தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரஸர் பெரியப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, பிள்ளை பிழைக்க வேண்டுமானால் சூடான ஊருக்குக் கொண்டுபோ, இன்னொரு மழைக்காலத்தை இந்த நெஞ்சு தாங்காது என்று சொல்லிவிட்டார். சூடான ஊர் என்றால் எங்களுக்கு ஒன்றுதான்: தாத்தா கப்பலேறி வந்த 'ஊர்'. பெரியப்பாவிடம் இருந்ததோ குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு அடையாள அட்டை, ஒருமுறை போய்விட்டால் திரும்பி வருவது லேசில்லை. இரண்டு நாள் கழித்துப் பெரியம்மா அவராகவே பாத்திரங்களை மூட்டை கட்ட ஆரம்பித்தார்.

எந்த மாதம் போவது என்பதைத் தீர்மானித்தது என் அப்பா. கொழுந்து லோரி ஓட்டுகிறவர் என்பதால் மலையில் எங்கே மேகம் இறங்குகிறது, எப்போது பாதை வழுக்கும் என்றெல்லாம் அவருக்குத்தான் தெரியும் என்று லயமே நம்பியது. அவரும் கொஞ்சம் நம்பினார். இங்கேயே பிறந்தவர், ஊரைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் தாத்தாவும் அவர் கூட்டாளிகளும் ஊர் வெயிலைப் பற்றிப் பேசிப் பேசி, தரையில் கால் வைக்க முடியாது, கிணறெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் என்று அவர் மனத்தில் ஒரு நெருப்பு ஊரையே கட்டிவைத்திருந்தார்கள். அதனால் அப்பா சொன்னது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது.

"மழைக்கு முந்திக் கெளம்பிடணும் லா. பொரட்டாசி கடைசியில கப்பல் ஏறிட்டா, ஐப்பசி மழைக்கு இங்க இருக்க மாட்டா. ஊர்ல போயி நல்ல வெயில்ல எறங்கிடுவா."

அப்படியே செய்தார்கள். ரிங்லெட்டில் பஸ் ஏறும்போது வள்ளி என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. போடி என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, அம்மாவின் சேலையில் முகத்தைப் புதைத்து அழுதேன். ஐப்பசி வந்தது, வழக்கம்போலக் கொட்டியது, பலகைக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்பா ஒவ்வொரு மழைக்கும் வானத்தைப் பார்த்து, நல்லவேளை பிள்ளை தப்பித்தாள் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்.

தை மாதம் மலையடிவாரத்துத் தாப்பாவிலிருந்து துணி விற்கும் பாய் வந்தார். நாகப்பட்டணத்துக்காரர், அதே கப்பலில் ஊருக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். ஒரு வாரம் கடலில் கழிந்து ஐப்பசி பிறந்துவிட, கரையை நெருங்கும்போதே வானம் இருண்டு மழை பிடித்துக்கொண்டதாம், கரைக்குக் கொண்டுபோகிற படகு அலையில் கப்பலோடு ஒட்டவே இல்லையாம், வள்ளியைத் தார்ப்பாயில் சுற்றி இறக்கினார்களாம், நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்களாம். இப்போது எப்படி இருக்கிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஐப்பசியில யாராச்சும் நாகப்பட்டணத்துல போயி எறங்குவாங்களா, தம்பி?" என்று பாய் கேட்டார்.

அப்பா வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தார். பிறகு, "ஐப்பசி மழ இங்கத்த மழைன்னுல்ல நெனச்சேன்" என்றார்.

மாதத்தின் பெயர் ஊரிலிருந்து வந்ததென்றால் மழையும் அங்கேதானே பெய்திருக்க வேண்டும்? இது ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை என்று இப்போது நினைத்தால் ஆற்றாமையாக இருக்கிறது. பஞ்சத்தில் கிளம்பி வந்தவர்கள் தாத்தாமார். அவர்களுக்கு வெயில்தான் நினைவிருந்தது. பாய் வந்துபோனதற்குப் பிறகு இரண்டு மாதமும் அப்பா சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்து போவார். அம்மா திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை.

பங்குனியில் பெரியப்பா கடிதம் போட்டிருந்தார். வெயில் ஏற ஏற இழுப்பு குறைந்து நின்றேவிட்டது, வள்ளி செருப்பில்லாமல் தெருவில் ஓடுகிறாள் என்று எழுதியிருந்தார். அப்பா லோரிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அவர் மழைக்குறி சொன்னதே இல்லை.

அப்பாவும் பெரியப்பாவும் போய்ச் சேர்ந்து வருஷங்களாகிவிட்டன. லயம் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் கூரை போட்ட தக்காளித் தோட்டம். போன வருஷம், பேரன் பேத்தி எடுத்துவிட்ட வள்ளி, சுற்றுலா விசாவில் மலைக்கு வந்தாள், அதுவும் பிடிவாதமாக ஐப்பசியில்தான் வருவேன் என்று வந்தாள். மருமகள் வாங்கிக் கொடுத்த தடித்த ஸ்வெட்டர் பெட்டியைவிட்டு வெளியே வரவேயில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் என் வீட்டுக் கூரையில் சுழலும் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து, முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டே ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு சீராக, சத்தமில்லாமல் வந்துபோனது.

"இந்தக் குளுருக்காடி எங்கள அனுப்பி வச்சீங்க?" என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். "அக்கா" என்றேன், எழுந்து போய்க் காற்றாடியை இன்னும் வேகமாக வைத்தேன்.