நாரைக் கூட்டுக்குக் கீழே ஒரு பஸ் ஸ்டாப்

போன வியாழக்கிழமை காலை பத்து பத்துக்கு ஜெர்மனியில் என் மகள் காணாமல் போனாள்.

அவளுக்கே அது தெரியாது. கும்மிடிப்பூண்டியில் டீ குடித்துக்கொண்டிருந்த எனக்குத்தான் தெரியும்.

நித்யா நர்ஸிங் பயிற்சிக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. டவுனில் வாடகை அதிகம் என்று பக்கத்துக் கிராமத்தில் ரூம். ஊர் பெயரை எழுதக் கூடாது என்று அவள் உத்தரவு... நீங்களும் கேமராவைத் திறந்துவிடுவீர்களாம்!

என்ன கேமரா? அந்தக் கிராமத்துக்கு ஒரு வெப்சைட் உண்டு. பழைய பள்ளிக்கூடத்துக் கூரைமேல் கூடு கட்டியிருக்கும் நாரைக் குடும்பத்தை லைவாகக் காட்டுகிறார்கள். படத்தின் இடது கீழ் மூலையில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பஸ் ஸ்டாப்.

உலகம் நாரையைப் பார்க்கிறது. நான் மூலையைப் பார்க்கிறேன்.

அங்கே காலை ஆறு நாற்பது பஸ் என்றால் இங்கே பத்து பத்து. நான் ஸ்டோர்ஸ் பார்க்கும் கம்பெனியில் சரியாக டீ பிரேக். அவள் முகமெல்லாம் தெரியாது. திருவள்ளூர் பஜாரில் நான் வாங்கிக் கொடுத்த மஞ்சள் பை தெரியும். பை வரும். பஸ் வரும். பை ஏறும். அப்புறம்தான் டீ உள்ளே இறங்கும். இந்த ஏற்பாடு நித்யாவுக்கு அப்போது தெரியாது.

அதோடு நின்றிருக்கலாம். அதே வெப்சைட்டில் ஊர் வரலாறும் இருந்தது... மொழிபெயர்ப்பு பட்டனைத் தட்டி முழுசாகப் படித்துத் தொலைத்தேன்.

நானூறு வருஷத்துக்கு முன்னால் முப்பதாண்டுப் போரில் ஊர் எரிந்தது. மிச்சம் இருந்தவர்களை பிளேக் கொண்டுபோனது. அப்புறம் மறுபடி எரிந்தது. சர்ச் மணியைப் பீரங்கி செய்ய எடுத்துப் போனார்கள். நிதானமான மனிதர்கள் இதை வரலாறு என்பார்கள். எனக்கு இது அபாயப் பட்டியல். ஊர் நடுவில் ஒரு லிண்டன் மரம். அந்தக் காலத்தில் அதன் கீழே பஞ்சாயத்து நடந்ததாம். இப்போது ஒரு கிளையை இரும்புக் கம்பியால் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். ஏன் கட்டினார்கள்? விழும் என்றுதானே! அதன் பக்கத்தில்தான் பஸ் ஸ்டாப்.

இதையெல்லாம் மிஞ்சியது பழைய மாவு மில். ஓடை ஓரம். ஒவ்வொரு வெள்ளமும் எந்த உயரத்துக்கு வந்தது என்று சுவரில் கோடு கோடாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். மேல் கோடு ஆறடிக்கும் மேலே. நித்யா ஐந்தடி இரண்டங்குலம். அவள் ரூம் அந்த மில்லில்தான். மாடியில்தான்... இருந்தாலும்?

சரி, வியாழக்கிழமைக்கு வருவோம். பத்து பத்து. பை இல்லை. பத்து இருபது. பை இல்லை. கூடை தூக்கிய இரண்டு பெண்கள் குறுக்கே போனார்கள், அவ்வளவுதான். போன் போட்டேன். எடுக்கவில்லை. பதினேழு தடவை எடுக்கவில்லை. மனைவிக்குப் போட்டேன்.

"தூங்கும்ங்க. லீவா இருக்கும். போன வைங்க, பால் பொங்குது."

பெற்றவளுக்குப் பால்தான் கவலை! நான் உடனே அந்த வெப்சைட்டுக்கு ஒரு மெயில் தட்டினேன்: 'மில்லில் தங்கியிருக்கும் என் மகள் பஸ் ஸ்டாப்புக்கு வரவில்லை. உயிரோடு இருக்கிறாளா? தற்போது ஓடையில் தண்ணீர் எவ்வளவு?'

பன்னிரண்டே முக்கால். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துவிட்டு மறுபடி கேமரா. மூலையைப் பார்த்தேன்... ரோடு முழுக்கப் பூ.

பின்னாலேயே பேண்டு வாத்தியம். அதன் பின்னால் ஊரே மெதுவாக நடந்து வருகிறது. முகம் தெரியாவிட்டாலும் யாரும் சிரிப்பதாக எனக்குப் படவில்லை.

நம்ம பக்கம் ரோட்டில் பூ கொட்டிக் கிடந்தால் என்ன அர்த்தம்? சொல்லுங்கள்!

கை சோற்றில் அப்படியே நின்றது. எதிரே உட்கார்ந்திருந்த அந்தோணி பார்த்துவிட்டார். எளாவூர்க்காரர், எங்கள் ஃபோர்க்லிஃப்ட் டிரைவர். மஞ்சள் பை விவகாரம் அவருக்குத் தெரியும்.

"இன்னா சார், மூஞ்சி இப்டி ஆயிடுச்சி? குடு இங்க." போனைப் பிடுங்கிப் பார்த்தவர், சிரித்தார். "பேஜாரு பண்ணாத சார். சாவு இல்ல, நற்கருணை பவனி, சர்ச் ஊர்வலம்! நாலு கம்புல துணி கட்டி தூக்கிகினு வராங்க பாரு, அதுக்குக் கீழ சாமியாரு. எங்க கோயில்லயும் போவோம். நாங்க ஞாயித்துக்கெழம எடுப்போம், இவங்க இன்னிக்கே எடுக்கறாங்க."

"அப்ப நித்யா ஏன் பஸ் ஏறல?"

"பஸ்ஸு வந்துச்சா?"

யோசித்தேன். பஸ் வந்ததா என்று நான் பார்க்கவே இல்லை.

"திருநா லீவு சார். சோத்த துன்னு."

மூன்றரைக்கு நித்யா கூப்பிட்டாள்.

"அப்பா! யாருக்கு மெயில் போட்ட?"

"உயிரோட இருக்கியாம்மா?"

"விடியறதுக்கு முன்னாடியே எழுந்து ரோட்ல பூக்கோலம் போட்டுகினு இருந்தேன்பா. ஊரே போடும். போன் ரூம்ல கெடந்துச்சி. பவனி முடிஞ்சி ஃபயர் ஸ்டேஷன்ல எல்லாருக்கும் சாப்பாடு. அங்க ஒருத்தர் எழுந்து உன் மெயில மைக்ல படிச்சாரு!"

"மைக்லயா?"

"ரெண்டு பெருசுங்க ஓடைக்கே போய் அளந்துட்டு வந்தாங்க. கணுக்கால் தண்ணியாம், உங்கிட்ட சொல்லச் சொன்னாங்க. ஆமா... நான் ஸ்டாப்ல நிக்கலன்னு உனக்கு எப்டி தெரியும்?"

"அது... நாரை பாத்துகினு இருந்தேம்மா."

இரண்டு நிமிஷத்தில் உண்மை முழுசும் வெளியே வந்துவிட்டது.

"கூடையோட ரெண்டு வாட்டி கேமரா முன்னாடிதான் போனேன்! நீ என்னையா பாத்த, பையையா?" குரல் இறங்கியது. "யாரும் பாக்காம, தனியா சமாளிக்கறேன்னு நெனச்சிகினு இருந்தேன்பா. பெருமையா இருந்துச்சி."

"தப்புதாம்மா."

"இனிமே பாக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

இரவு அந்த வரலாற்றை மறுபடி படித்தேன். எரிந்தது, முங்கியது எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒவ்வொன்றுக்கும் அடுத்த வரியில் 'மீண்டும் கட்டினார்கள்' என்று இருந்தது. அதை மட்டும் எப்படித் தாண்டிப் போனேன்? அப்பன்கள் வரலாறு படிக்கும் லட்சணம் அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை, பத்து பத்து. போனைக் கவிழ்த்து வைத்தேன். டீ கிளாஸைத் தொடவில்லை. எதிரே அந்தோணி தன் போனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தோணி, எங்கிட்ட எதுவும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணியிருக்கேன்."

"நான் இன்னா சார் சொல்லப்போறேன்? நாரை பாக்குறேன்." பிறகு போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நாரை மஞ்சப் பை மாட்டிகினு பஸ் ஏறிடுச்சி சார். டீய குடி."