வாசலில் கிடக்க ஒரு ஜோடி

இன்று சாயங்காலம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு செருப்புக் கடை. எனக்கு முன்னால் ஷூ கம்பெனி சீருடையில் ஒரு பெண், ஆண்கள் செருப்பு கேட்டார்.

"வீட்டுக்காரருக்கு என்னா சைஸும்மா?"

"எதுவா இருந்தாலும் பரவால்லண்ணா. பெருசா இருக்கட்டும்."

கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார்.

விழுப்புரம் பஸ்ஸில் அந்தப் பெண் என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். சைஸ் தெரியாமல் ஏன் வாங்கினீர்கள் என்று நானே கேட்டேன்.

"அவரு வுட்டுட்டுப் போயி நாலு வருஷம் ஆச்சுக்கா. ரெண்டு பொண்ணுங்கள வெச்சிக்கினு அலையறேன், ஆம்பள இல்லன்னா வூடு குடுக்க மாட்டேங்கிறாங்க. இப்ப கெடச்ச வூட்டுல, லாரி ஓட்டுறாரு, வந்து வந்து போவாருன்னு சொல்லிட்டேன். வாசல்ல செருப்பு கெடந்தா நம்புவாங்க இல்ல."

வாடகை, அரிசி, பள்ளிக்கூடம் எல்லாம் இவர் சம்பளத்தில்தான். நாளெல்லாம் நின்றுகொண்டு ஊரார் காலுக்கு ஷூ தைக்கிறார். இவரை நம்பி வீடு தராதவர்கள் ஒரு ரப்பர் செருப்பை நம்பித் தருகிறார்கள்.

ஓடிப்போனவனும் எங்கேயோ வாடகைக்குத்தான் இருப்பான். பொண்டாட்டி பிள்ளையை ஏன் விட்டுவிட்டு வந்தாய் என்று எந்த ஹவுஸ் ஓனர் அவனைக் கேட்டிருப்பார்?

இறங்கியதும் அந்தப் பெண் புதுச் செருப்பைச் சேற்றில் தேய்த்தார். "புதுசா இருந்தா சந்தேகம் வரும்க்கா."

விழுப்புரத்தில் மாடி போர்ஷன் காலியாக வைத்திருப்பவர்கள் கமெண்ட்டில் சொல்லுங்கள். குடிவர எத்தனாம் நம்பர் செருப்பு வேண்டும் என்பதையும் சேர்த்து.